ஆபிரகாமுக்குச் சொன்ன சொல்

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

எங்கள் ஊரில் தவக்காலத்தின் கடைசி வாரத்தில் பாஸ்கு நாடகம் நடக்கும். கோயிலுக்கு எதிரே உள்ள மைதானத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது பாயில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒட்டுத் தாடியும் நீண்ட அங்கியுமாக யூத குருக்கள் மேடைக்கு வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் "ஓ" என்று கூச்சல் போட்டோம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நான்தான். அது பக்தி என்று நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர், "தேர்ந்துகொள்ளப்பட்ட மக்கள் யார்?" என்று கேட்டார்கள். நான் எழுந்து நின்று, "யூதர்கள், சிஸ்டர். ஆனால் இயேசுவைக் கொன்றதால் கடவுள் அவர்களைத் தள்ளிவிட்டார்" என்று சொல்லிப் பெருமையோடு உட்காரப் போனேன்.

"உட்காராதேம்மா. நேற்று மாலை மாதா கெபியில் பாடகர் குழுவினர் என்ன பாடினீர்கள்?"

"மரியன்னையின் கீதம், சிஸ்டர்."

"அதன் முடிவில் என்ன வருகிறது?"

மனதுக்குள் பாடிப் பார்த்தேன். கடைசி அடிக்கு வந்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. ஆபிரகாமுக்கும் அவருடைய வழிமரபினருக்கும் தந்த வாக்கை ஆண்டவர் மறக்கவில்லை என்றல்லவா மாதா அங்கே பாடுகிறார்கள்! மூன்று வருடமாக அதே பாட்டை இரண்டாம் குரலில் பாடுகிறேன். இராகம் தெரிந்தது, தாளம் தெரிந்தது. பொருள் மட்டும் தெரியவில்லை.

சிஸ்டர் கோபிக்கவில்லை. "வாக்கு இன்னும் இருக்கிறது என்று மாதா பாட, இல்லை என்று உனக்குச் சொன்னது யார்? அரைப் பரீட்சை விடுமுறையில் படித்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்" என்றார்கள். அப்படிப் படித்ததைத்தான் இப்போது என் தோழியருக்கும், அன்புள்ள பெற்றோருக்கும் சொல்ல வந்திருக்கிறேன்.

வாக்கு என்ன?

யூத மக்களுக்கு இறைவன் கொடுத்த வாக்கு ஆதியாகமத்தின் 12-ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. ஆபிரகாமுக்கு அப்போது 75 வயது. பிள்ளை இல்லை. உறவையும் ஊரையும் விட்டுப் புறப்படச் சொல்லி, இறைவன் அவருக்கு மூன்று காரியங்களை வாக்களித்தார். அவர் வழியில் ஒரு பெரிய மக்களினம் தோன்றும். அவர்கள் வாழ ஒரு நாடு கிடைக்கும். உலகத்து மக்கள் அனைவரும் அவர் வழியாக ஆசி பெறுவர். இந்த மூன்றாவதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வாக்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டது; ஆசியோ எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது.

வாக்கு உடனே நிறைவேறவில்லை. ஈசாக்கு பிறந்தபோது ஆபிரகாமுக்கு நூறு வயது. இந்த வயதில் பிள்ளையா என்று சாராள் சிரித்தாளே, அந்தச் சிரிப்பே பிள்ளைக்குப் பெயராயிற்று. ஈசாக்கு என்ற எபிரேயச் சொல்லுக்குச் சிரிப்பு என்பதே பொருள். பிறகு ஈசாக்கிடமும் யாக்கோபிடமும் அதே வாக்கு புதுப்பிக்கப்பட்டது. தாவீது அரசரிடம், உன் வீடும் ஆட்சியும் நிலைக்கும் என்று நாத்தான் என்னும் இறைவாக்கினர் வழியாகச் சொல்லப்பட்டது.

கொடுத்த வாக்கை நம்மவர்கள் பத்திரம் எழுதி வைப்பார்கள். கல்லில் வெட்டி வைப்பார்கள். இஸ்ராயேல் மக்கள் எழுதியும் வைத்தார்கள். அதோடு பாட்டாகவும் பாடி வைத்தார்கள். பத்திரத்தைக் கரையான் அரிக்கும். தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டைக் கரையான் என்ன செய்யும்?

கடற்கரையில் ஒரு தம்பூர்

இந்தப் பாட்டுகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் கடலைக் கடந்து கரையேறியதும் மோயீசனும் மக்களும் பாடினார்கள். மோயீசனின் சகோதரி மிரியாம் கையில் தம்பூர் எடுத்தாள். பெண்கள் அனைவரும் ஆடிக்கொண்டு அவள் பின்னால் போனார்கள். தப்பி ஓடி வந்தவர்கள் அவர்கள். மாவு புளிக்கக்கூட நேரமில்லாமல் புறப்பட்டவர்கள். அந்த அவசரத்திலும் தம்பூரை எடுத்து வந்திருக்கிறார்கள் பாருங்கள்! வழியில் பாட வேண்டிய நேரம் வரும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

யூதர்கள் இந்தக் கடற்பாடலை இன்றும் காலைச் செபத்தில் சொல்லுகிறார்கள். நாமும் இதைப் பாடுகிறோம். பாஸ்காத் திருவிழிப்பு இரவில், கடலைக் கடந்த வாசகம் முடிந்தவுடன் பாடுவது இந்தப் பாடலைத்தான். கையில் மெழுகுவர்த்தியோடு தூக்கக் கலக்கத்தில் நிற்கும் நாம் அந்த இரவில் மிரியாமின் பின்னால் போகும் பெண்களோடு சேர்ந்துகொள்கிறோம்.

ஆலயத்துப் பாடகர்கள்

தாவீது அரசர் உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது பாடகர்களையும் ஏற்படுத்தினார். முதலாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரம் அவர்களுக்குக் கணக்கே வைத்திருக்கிறது. 24 பிரிவுகள், பிரிவுக்கு 12 பேர், ஆக 288 பேர். ஆசாப், ஏமான், எதுத்தூன் என்னும் மூவரின் குடும்பத்தார் அவர்கள். யாழ், சுரமண்டலம், கைத்தாளம் ஆகியவை அவர்களுடைய கருவிகள். எக்காளம் ஊதுவது குருக்களின் வேலை. நம் பாடகர் குழுவில் 24 பேர் இருந்தே ஆர்மோனியத்துக்கு மேல் சத்தம் கேட்பதில்லை. 288 பேர் பாடினால் எப்படி இருந்திருக்கும்!

அவர்கள் பாடியவை சங்கீதங்கள். மொத்தம் 150. அவற்றுள் 73 தாவீதின் பெயரைத் தலைப்பில் தாங்கியவை. இப்போது திருப்பாடல்கள் என்று வழங்குகிறோம். என் பாட்டியின் பழைய செபநூலில் எண்கள் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருப்பதைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்தேன். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 9-ஆம் 10-ஆம் சங்கீதங்களை ஒன்றாகச் சேர்த்ததால் வந்த வேறுபாடு அது என்று பிறகு தெரிந்தது. நான் இங்கே சொல்பவை எபிரேயக் கணக்கின்படியான எண்கள்.

வாக்கைக் கொண்டாடும் பாட்டுகளில் 105-ஆம் சங்கீதத்தைத் தலைமையானதாகச் சொல்லலாம். ஆபிரகாமோடு செய்த உடன்படிக்கையில் தொடங்கி, யோசேப்பு விலங்கிடப்பட்டது, எகிப்து நாட்டு வாதைகள், பாலைவனத்தில் உணவும் நீரும், கடைசியில் நாடு என்று வரலாறு முழுவதையும் பாடிவிடுகிறது. இதில் மக்களின் குற்றம் எதுவும் சொல்லப்படவில்லை. இறைவன் என்ன செய்தார் என்பது மட்டுமே பேச்சு. ஆனால் அடுத்த பக்கத்தைத் திருப்பினால் 106-ஆம் சங்கீதம். அது முணுமுணுத்தோம், கன்றுக்குட்டியை வணங்கினோம், மறந்தோம் என்று குற்றப் பட்டியலாகவே வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர்கள் நல்ல ஆசிரியர்களாக இருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தவர் மாறவில்லை என்று ஒரு பாட்டு. வாக்குப் பெற்றவர்கள் நாங்கள் பல முறை மாறினோம் என்று அதன் எதிர்ப்பாட்டு. தங்கள் பிழைகளைத் தங்கள் வழிபாட்டிலேயே பாடிவைத்த மக்களை நான் எவ்வளவு சுலபமாகக் குற்றம் சாட்டினேன்!

136-ஆம் சங்கீதம் பாடுவதற்கு மிகவும் எளிது. 26 அடிகள். ஒவ்வோர் அடியின் பின்பகுதியும், இறைவனின் அன்பு முடிவில்லாதது என்ற ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒருவர் முன்பகுதியைப் பாட, மக்கள் பல்லவியைப் பாடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கலந்துகொள்ளலாம்.

எபிரேயக் கவிதையில் நம் செய்யுளைப் போல எதுகை மோனை இலக்கணம் இல்லை. ஒரு கருத்தைச் சொல்லி, அதையே வேறு சொற்களால் மறுபடியும் சொல்வது அதன் அழகு. ஆகையால் இரு அணியாகப் பிரிந்து மாறி மாறிப் பாட அது பொருத்தமாக இருக்கிறது. மாலையில் நம் மடத்துச் சிற்றாலயத்தில் சிஸ்டர்கள் இரு பக்கமும் உட்கார்ந்து ஒரு பக்கத்தார் ஓர் அடியும் மறுபக்கத்தார் ஓர் அடியுமாகச் செபிப்பதை நாம் கேட்டிருக்கிறோமே, அந்த முறையின் வேர் அங்கே இருக்கிறது.

அந்தக் காலத்து இராகங்கள் எழுதி வைக்கப்படவில்லை. பிற்காலத்தில் திபேரியா நகரத்து யூத அறிஞர்கள் எபிரேய வாசகங்களின் மேலும் கீழும் சிறு குறிகளை இட்டு, எங்கே குரலை ஏற்ற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டினார்கள். ஆபிரகாம் இதெல்சோன் (1882-1938) என்ற யூத இசை அறிஞர் ஏமன் முதலிய நாடுகளிலிருந்து வந்த யூதர்களின் இராகங்களைச் சேகரித்து, 1914 முதல் 1932 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் சில, நம் திருச்சபையின் கிரகோரியன் இசையை ஒத்திருப்பதை அவர் எடுத்துக் காட்டினார். அக்காள் தங்கை குரல் ஒன்றுபோல் இருப்பதில் ஆச்சரியம் என்ன!

யாழைத் தொங்கவிட்ட நாள்

வாக்கைப் பற்றி நல்ல காலத்தில் பாடுவது எளிது. கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமை அழித்து, ஆலயத்தைக் கொளுத்தி, மக்களைச் சிறைப்பிடித்துப் போனார்கள். நாடு போயிற்று, அரசர் போனார், ஆலயம் போயிற்று. அப்போது என்ன பாடுவது? பாபிலோனின் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதவர்கள், தங்கள் யாழ்களை மரங்களில் தொங்கவிட்டதை 137-ஆம் சங்கீதம் சொல்லுகிறது. பிடித்துச் சென்றவர்கள் வேடிக்கைக்காகப் பாடச் சொன்னார்கள். அவர்கள் பாட மறுத்தார்கள். பாட மறுத்ததையே பிறகு ஒரு பாட்டாக்கினார்கள்.

89-ஆம் சங்கீதம் அதைவிட என்னைத் திகைக்க வைத்தது. அது தாவீதுக்குத் தந்த வாக்கை மிக விரிவாகப் புகழ்ந்து பாடுகிறது. பாதிக்கு மேல் போனதும் சட்டென்று திரும்பி, அந்த வாக்கு எங்கே, எங்களை ஏன் கைவிட்டீர், எத்தனை காலம் மறைந்திருப்பீர் என்று இறைவனையே கேட்கிறது. நான் முதலில் இதைப் படித்தபோது, செபத்தில் இப்படிப் பேசலாமா என்று பயந்தேன். பிறகு யோசித்தேன். வாக்கை நம்பாதவன் கேள்வி கேட்கமாட்டான். அப்பா வாங்கித் தருகிறேன் என்று சொன்னதை, அவர் தருவார் என்று நம்பும் பிள்ளைதான் வாசலில் நின்று மறுபடியும் மறுபடியும் கேட்கும்.

கி.மு. 538-இல் பாரசீக அரசர் சைரஸ் அவர்களைத் திரும்பிப்போக விட்டார். அந்தத் திரும்புதலின் மகிழ்ச்சி 126-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. அழுதுகொண்டே விதைத்தவர்கள் சிரித்துக்கொண்டே கதிர்க்கட்டைச் சுமந்து வரும் காட்சி அது. 120 முதல் 134 வரையுள்ள 15 சங்கீதங்களும் எருசலேமுக்குத் திருயாத்திரை ஏறிச் செல்வோரின் பாடல்கள் என்று வழங்குகின்றன. வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் வழிநெடுகப் பாடிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மீண்டும் கட்டப்பட்ட ஆலயத்தைக் கி.பி. 70-இல் உரோமையர் அழித்தார்கள். அதற்குப் பிறகு செபக்கூடங்களில் வழிபாட்டுக்கு இசைக் கருவிகளை மீட்டுவதை நிறுத்திவிட்டார்கள். ஆலயத்துக்கான துக்கமும், ஓய்வுநாள் சட்டமும் அதற்குக் காரணங்கள். பழைமையைப் பேணும் செபக்கூடங்களில் இன்றும் மனிதக் குரல் மட்டுமே ஒலிக்கிறது. புத்தாண்டு நாளில் ஊதும் ஆட்டுக்கொம்பு எக்காளம் மட்டும் அன்று தொட்டு இன்றுவரை நிற்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஒரு வழிபாடு

யூதர்களின் வழிபாட்டு இசை செபக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. பாஸ்காத் திருவிழாவின் இரவில் அது வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. வீட்டில் மிகவும் சிறிய பிள்ளை எழுந்து, இந்த இரவு மற்ற இரவுகளைவிட ஏன் வேறாக இருக்கிறது என்று இராகத்தோடு கேட்கும். அதற்குப் பதிலாகப் பெரியவர்கள் விடுதலை வரலாற்றைச் சொல்லவும் பாடவும் தொடங்குவார்கள்.

'தயேனு' என்று ஒரு பாட்டு. நமக்கு அதுவே போதுமாக இருந்திருக்கும் என்பது அந்தச் சொல்லின் பொருள். எகிப்திலிருந்து விடுவித்தது முதல் ஆலயம் கட்டித் தந்தது வரை 15 நன்மைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரே சொல்லால் நன்றி சொல்வார்கள். வேறொரு பாட்டுக்குத் திராட்சை இரசக் கிண்ணத்தைக் கையில் உயர்த்துவார்கள். அந்தப் பாட்டு முழுவதும் வாக்கைப் பற்றியதே. ஒவ்வொரு தலைமுறையிலும் எங்களை அழிக்க எழுந்தவர்கள் உண்டு. எங்கள் முன்னோருக்குத் துணை நின்ற அந்த வாக்கே எங்களுக்கும் துணை நின்றது என்பது அதன் கருத்து.

113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களுக்கு 'அல்லேல்' என்று பெயர். புகழ்ச்சி என்று அர்த்தம். இவற்றில் முதல் இரண்டை உணவுக்கு முன்னும், மற்ற நான்கைப் பின்னும் பாடுவார்கள். மத்தேயுவும் மாற்கும் எழுதிய சுவிசேஷங்களில், கடைசி இரா உணவுக்குப் பின் இயேசுவும் சீடரும் பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குப் போனதாக இருக்கிறது. அந்தப் பாடல் இந்த அல்லேலாக இருக்கும் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். சிலுவைக்குப் போவதற்கு முந்திய இரவில் நம் ஆண்டவர் பாடினார் என்பதை இதற்கு முன் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. பாடியது யூதப் பாட்டு. பாடிய வாயும் ஒரு யூதத் தாயிடம் பேசக் கற்ற வாய்.

மாதா பாடியது யாருடைய பாட்டு?

எபிரேய மொழியில் மரியாளின் பெயர் மிரியாம். தம்பூர் எடுத்தவளின் பெயரே நம் தாயின் பெயர்! எலிசபெத்தம்மாள் வீட்டு வாசலில் மாதா பாடிய பாட்டில், சாமுவேலின் தாய் அன்னாள் பாடிய பாட்டின் எதிரொலி இருக்கிறது. முதலாம் சாமுவேல் ஆகமம் 2-ஆம் அதிகாரத்தைத் திறந்து, லூக்கா முதல் அதிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். வலியவர் தாழ்வதும் எளியவர் உயர்வதும் பசித்தவர் நிறைவதும் இரண்டிலும் வரும். ஒரு நாசரேத்தூர் ஏழைப் பெண்ணுக்கு இத்தனையும் மனப்பாடமாக இருந்திருக்கிறது என்றால், அவளுக்கு முன் எத்தனை தாய்மார் பாடியிருக்க வேண்டும்!

லூக்கா சுவிசேஷத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் மேலும் இரண்டு பாடல்கள் உண்டு. ஊமையாயிருந்த சக்கரியாஸ் வாய் திறந்ததும் பாடியது ஒன்று. அதிலும் ஆபிரகாமுக்கு இட்ட ஆணை வருகிறது. முதியவர் சிமியோன் குழந்தையைக் கையில் ஏந்திப் பாடியது மற்றொன்று. அதில் மற்ற இனத்தார்க்கு ஒளி, இஸ்ராயேலுக்கு மகிமை என்ற இரண்டும் சேர்ந்தே வருகின்றன. சக்கரியாஸின் பாடலைத் திருச்சபை காலைச் செபத்திலும், மாதாவின் கீதத்தை மாலைச் செபத்திலும், சிமியோனின் பாடலை இரவுச் செபத்திலும் பாடுகிறது. ஆக, இஸ்ராயேலுக்குத் தந்த வாக்கை நினைக்காமல் நம் சிஸ்டர்களுக்குப் பொழுது விடிவதும் இல்லை, அடைவதும் இல்லை.

நாம் தினமும் சொல்லும் ஆமென், அல்லேலூயா, ஓசான்னா என்பவையும் எபிரேயச் சொற்களே. ஓசான்னா என்பது 118-ஆம் சங்கீதத்தில் மீட்பு வேண்டிக் கூப்பிடும் குரல். திருப்பலியில் அதை நாம் பாடாத ஞாயிறு உண்டா?

கொச்சியிலே ஒரு கார்குழலி

இவையெல்லாம் எங்கோ தூரத்து நாட்டுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். நம் அண்டையிலுள்ள கேரளத்தில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் வாழ்ந்தார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய அவர்களுடைய செபக்கூடம் இன்றும் இருக்கிறது. அங்கே ஆண்கள் எபிரேயத்தில் செபித்தார்கள். பெண்களோ எபிரேயத்தோடு மலையாளத்திலும் பாடினார்கள். விவிலியக் கதைகள், செபக்கூடத்தின் அழகு, திருமண வாழ்த்து, எருசலேமைக் காணும் ஆவல் எல்லாவற்றையும் பெண்களே பாட்டாக்கி, கையால் எழுதிய நோட்டுப் புத்தகங்களில் வைத்துக் காத்தார்கள். நம் நாட்டுப்புறப் பாட்டுகளில் வரும் கிளி அவர்கள் பாட்டிலும் வருகிறது.

1948-க்குப் பிறகு அவர்களுள் பெரும்பாலோர் இஸ்ரேல் நாட்டுக்குக் குடியேறினார்கள். நோட்டுப் புத்தகங்களும் கூடவே போயின. பிறகு அறிஞர்கள் அவற்றைத் தேடித் தொகுத்தார்கள். 2005-இல் எருசலேமில் அந்தப் பாட்டுகள் மலையாளத்திலும் எபிரேயத்திலுமாக நூலாக வெளிவந்தன. நூலின் பெயர் 'கார்குழலி'. நமக்கு அகராதி தேவையில்லாத பெயர்!

இந்தப் பாட்டுகளைக் காப்பாற்ற உழைத்தவர்களுள் ஒருவர் ரூபி டேனியல் அம்மையார் (1912-2002). கொச்சியில் பிறந்த யூதப் பெண்மணியான அவர், எர்ணாகுளம் புனித தெரேசா கன்னியர் மடப் பள்ளியில் படித்தவர். 1951-இல் இஸ்ரேலுக்குப் போய், முதுமையில் தம் சமூகத்துப் பெண்களின் மலையாளப் பாட்டுகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். கன்னியர் மடத்தில் படித்த ஒரு யூதச் சிறுமி தன் பாட்டியின் பாட்டை மறக்காமல் வைத்திருந்தாள். கன்னியர் மடத்தில் படிக்கும் நான், நான் பாடும் பாட்டு யாருடையது என்றே தெரியாமல் இருந்தேன்.

தள்ளிவிட்டாரா?

இனி, சிஸ்டர் என்னிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், இறைவன் தம் மக்களைத் தள்ளிவிட்டாரா என்ற கேள்வியை அவரே எழுப்பி, ஒருக்காலும் இல்லை என்று பதில் சொல்லுகிறார். இறைவன் கொடுத்த கொடையும் அழைப்பும் திரும்பப் பெறப்படுவதில்லை என்கிறார். மற்ற இனத்தாரான நம்மை ஒலிவ மரத்தில் ஒட்டுப்போட்ட கிளை என்கிறார். வேரை நாம் தாங்கவில்லை, வேரே நம்மைத் தாங்குகிறது என்று எச்சரிக்கிறார்.

ஆயினும் பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்கள் இந்த எச்சரிக்கையை மறந்து, யூதரை இகழ்ந்தார்கள்; துன்புறுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஹிட்லரின் ஆட்சி அறுபது இலட்சம் யூதரைக் கொன்றது. மீட்பர் வருவார், தாமதித்தாலும் வருவார் என்ற நம்பிக்கையைச் சொல்லும் பாட்டைக் கொலைமுகாம்களிலும் யூதர்கள் பாடினார்கள். அதைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏழு வயதில் நான் போட்ட கூச்சல் காதில் கேட்டது. என் கூச்சலால் யாரும் சாகவில்லை, அது உண்மைதான். ஆனால் பெரிய வெறுப்புகளும் ஒரு காலத்தில் பாயில் உட்கார்ந்த பிள்ளைகளின் கூச்சலாகத்தானே தொடங்கியிருக்கும்?

பாப்பரசர் 23-ஆம் அருளப்பர் 1959-இல், பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறைத்துச் சொன்ன சொல்லை நீக்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட 'நோஸ்த்ரா எத்தாத்தே' என்னும் அறிக்கையில், ஆண்டவரின் பாடுகளுக்கான பழியை அன்று வாழ்ந்த எல்லா யூதர்மீதும் சுமத்த முடியாது, இன்றைய யூதர்மீதும் சுமத்த முடியாது என்று தெளிவாக்கியது. இறைவனால் தள்ளப்பட்டவர்கள் என்று அவர்களைப் போதிக்கக் கூடாது என்றும் சொன்னது. 1970-இல் வெளிவந்த பூசை நூலின்படி பெரிய வெள்ளியன்று, யூத மக்கள் இறைவனின் உடன்படிக்கையில் பிரமாணிக்கமாக வளர வேண்டும் என்று நாம் மன்றாடுகிறோம். பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1986 ஏப்ரல் 13-இல் உரோமை நகர யூதச் செபக்கூடத்துக்குச் சென்று, அவர்களை நம் மூத்த சகோதரர் என்று அழைத்தார்.

இந்த வாக்கைப் பாடும்போது நாம் மனதில் வைக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆபிரகாமுக்குச் சொன்ன சொல்லின் முடிவு எல்லா இனத்தாருக்கும் ஆசி. அந்தப் புண்ணிய பூமியில் யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய எல்லாத் தாய்மாரும் தங்கள் பிள்ளைகளுக்காக அழுதிருக்கிறார்கள். எருசலேமின் சமாதானத்துக்காக மன்றாடச் சொல்லும் 122-ஆம் சங்கீதத்தை அவர்கள் அனைவருக்காகவும் நாம் செபிக்கலாம்.

விடுமுறை முடிந்து வந்து வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன்: "தள்ளிவிடவில்லை, சிஸ்டர். நான் சொன்னது தவறு." சிஸ்டர் சிரித்து, "இப்போது உட்காரம்மா" என்றார்கள்.

இந்த ஆண்டும் எங்கள் ஊரில் பாஸ்கு நாடகம் நடந்தது. என் தம்பிக்கு ஆறு வயது. ஒட்டுத் தாடி வைத்தவர்கள் மேடைக்கு வந்ததும் எல்லாப் பிள்ளைகளோடும் அவனும் வாயைத் திறந்தான். நான் அவன் கையைப் பிடித்து, "தம்பி, இராயப்பரும் யூதர்தான், அருளப்பரும் யூதர்தான், அதோ அழுதுகொண்டு நிற்கும் மாதாவும் யூதப் பெண்தான்" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போ இயேசு?" என்று கேட்டான்.

"அவரும்தான்" என்றேன்.

அவன் கத்தவில்லை. என் மடியில் சாய்ந்து கடைசிவரை பார்த்தான். மறுநாள் மாலை மாதா கெபியில் கீதம் பாடினோம். கடைசி அடி வந்தபோது, மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த அந்த இராகத்தை அன்றுதான் பொருள் தெரிந்து பாடினேன்.